குறை சொல்லும் உரிமை

கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, சுவரின் மூலையில், கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை மறைப்பதற்காக ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் பூஞ்சணம் நாட்காட்டியின் விளிம்புகளைத் தாண்டி நாலாபுறமும் வெளியே வந்துவிட்டிருந்தது. வீட்டு நிர்வாகத்திலிருந்து வந்த அலுவலர் கையிலிருந்த டேப்லெட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் அதிலிருந்த கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு போனார். வெந்நீர் வருகிறதா, ஹீட்டர் வேலை செய்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கிறதா என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கடைசியாக, வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். மேசையோரம் ஏழு வயதுச் சிறுவனின் இன்ஹேலர் கிடந்தது. அவனுடைய தாய் நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. நன்றி எண்டும் சொல்லுங்கோ. இருக்க இடம் தந்த சனத்திட்டப் போய் நாங்கள் குறை சொல்லலாமோ?”

மொழிபெயர்ப்பாளனுக்கு விதி எளிமையானது. சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கண்ணால் கண்டதைச் சொல்வது என் வேலையில்லை. ஆகவே அவருடைய கடைசிக் கேள்வி உட்பட எல்லாவற்றையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார், புன்னகைத்தார், ‘குறை இல்லை’ என்ற கட்டத்தில் விரலை வைத்தார். மூவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டு பிரிந்தோம். படியிறங்கும்போதுதான் எனக்கு அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது.

(அந்தத் தாயிடம் அனுமதி கேட்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

பிரித்தானியாவில் புகலிடம் கேட்டு வந்தவர்களுக்காகப் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறேன். மருத்துவமனை, பள்ளிக்கூடம், வழக்கறிஞர் அலுவலகம், வீட்டு நிர்வாகம் என்று எங்கே போனாலும் என் வாயில் அதிகம் அடிபடும் சொல் நன்றிதான். மருந்து தந்தால் நன்றி, மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினாலும் நன்றி. வந்து சேர்ந்த ஒருவர் புதிய நாட்டில் ஒட்டிவிட்டார் என்பதற்கு அடையாளம் என்ன என்று கேட்டால், மொழித் தேர்ச்சி, வேலை, குடியுரிமை, வாக்கு என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். எனக்கு வேறு ஓர் அளவுகோல் உண்டு. ஒருவர் எந்த நாளில் முகத்தில் அச்சமின்றிக் குறை சொல்லத் தொடங்குகிறாரோ அந்த நாளில்தான் அவர் அந்த ஊர்க்காரர் ஆகிறார் என்று நான் நினைக்கிறேன். அதுவரை அவர் விருந்தாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. இங்கே சிலரை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம்.

விருந்தாளியாக இருப்பதில் மரியாதைக் குறைவு என்ன என்று கேட்கலாம். நல்ல விருந்தாளி உப்புக் குறைந்தாலும் வாய் திறக்க மாட்டார், அறை குளிர்ந்தாலும் போர்வை கேட்க மாட்டார். இரண்டு நாளுக்கு அது அழகு. வாழ்க்கை முழுவதும் அப்படி இருக்கச் சொல்வது, நீ இந்த வீட்டுக்காரன் இல்லை என்று ஒவ்வொரு நாளும் நினைவூட்டுவதற்குச் சமம். கருணை காட்டப்பட்ட இடத்தில் மரியாதையும் கிடைத்துவிட்டதாக நாம் எளிதில் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கருணைக்கு ஒருவர் கையேந்தினால் போதும். மரியாதை இருக்கும் இடத்தில் அவர் ‘இது சரியில்லை’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள் என்று தோன்றுகிறது. அந்த உடன்படிக்கையில் சேரும் நாடு, தனக்கு ஒத்துவராத பிரிவுகளுக்கு விலக்கு அறிவித்துவிட்டுச் சேரலாம். கூலி வேலை பார்க்கும் உரிமையைப் பற்றிய 17ஆம் பிரிவுக்குக்கூடப் பல நாடுகள் அப்படி விலக்கு வைத்திருக்கின்றன. ஆனால் எந்த நாடும் கைவைக்கக் கூடாதவை என்று 42ஆம் பிரிவு சிலவற்றைத் தனியே எடுத்துக் காட்டுகிறது. அகதி யார் என்ற வரையறை, பாகுபாடு காட்டக் கூடாது என்பது, வழிபாட்டுச் சுதந்திரம், ஆபத்து இருக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஆகியவற்றோடு இன்னொன்றும் அந்த வரிசையில் இருக்கிறது. அகதிக்கு அந்நாட்டு நீதிமன்றங்களுக்குத் தடையின்றிப் போகும் உரிமை உண்டு என்று சொல்லும் 16ஆம் பிரிவின் முதல் பகுதிதான் அது. வேலை செய்யும் உரிமையைக்கூடப் பேரம் பேச விட்டுவிட்டு, வழக்காடும் உரிமையைப் பேரத்துக்கு அப்பாற்பட்டதாக வைத்திருக்கிறார்கள். வழக்காடுவது என்பது என்ன? சட்டப்படி குறை சொல்வதுதான்.

ஏட்டில் இருக்கும் அந்த உரிமைக்கும், நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ‘ஒரு குறையும் இல்லை’ என்று சொன்ன அந்தத் தாய்க்கும் இடையில் இருக்கும் தூரத்தை நான் வேலை நாள்தோறும் நடந்து பார்க்கிறேன். அந்தத் தூரத்துக்கு முதற்காரணம் பயம். வீட்டைப் பற்றிச் சொன்னால் அது கேஸில் ஏறிவிடும், கோப்பில் ‘இவர் தொந்தரவு செய்பவர்’ என்று எழுதிவிடுவார்கள், அதனால் விசா தள்ளிப்போகும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டைப் பராமரிப்பது ஒரு ஒப்பந்த நிறுவனம், புகலிடக் கோரிக்கையைத் தீர்மானிப்பது ஹோம் ஆபீஸ் எனப்படும் உள்துறை அமைச்சு என்பதும், இரண்டு மேசையும் வேறுவேறு என்பதும் அவர்களுக்கு யாரும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லாத செய்தி. 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டம் வந்ததிலிருந்து, அரசு தரும் தங்குமிடம் எந்த ஊரில் அமையும் என்பதைக் கோரிக்கையாளர் தேர்ந்தெடுக்க முடியாது. சமைத்துச் சாப்பிடும் தங்குமிடத்தில் இருப்பவருக்கு 2024இல் கிடைத்த உதவித்தொகை வாரத்துக்கு 49.18 பவுண்டு. விண்ணப்பித்துப் பன்னிரண்டு மாதம் தீர்ப்பு வராவிட்டால்தான் வேலை செய்ய அனுமதி கேட்கவே முடியும். கிடைத்தாலும் அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள தொழில்களில் மட்டுமே. ஊரைத் தேர முடியாது, வீட்டைத் தேர முடியாது, உழைத்துச் சம்பாதிக்க முடியாது என்றான ஒருவர், தனக்குத் தரப்பட்ட எதையும் ‘சரியில்லை’ என்று சொல்வதற்கு எந்தக் காலில் ஊன்றி நிற்பார்?

2016ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள மிடில்ஸ்பரோவில் புகலிடம் கேட்டவர்கள் தங்கவைக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றின் வாசற்கதவுகள் சிவப்பு நிறத்தில் இருந்தன. தெருவில் நடந்து போகும் எவருக்கும் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது கதவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முட்டை வீசினார்கள், கல் எறிந்தார்கள், வாசலில் நாய் மலத்தைத் தடவினார்கள் என்று குடியிருந்தவர்கள் சொன்னார்கள். இது திட்டமிட்டுச் செய்ததில்லை, மொத்தமாக வாங்கிய வண்ணம் என்பதுபோன்ற விளக்கம் தரப்பட்டது. அதே மாதத்தில் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில், ஒரு தங்குமிடத்தில் உணவு பெறுவதற்காகப் புகலிடக் கோரிக்கையாளர்கள் எந்நேரமும் வண்ண மணிக்கட்டுப் பட்டை அணிந்திருக்க வேண்டியிருந்தது வெளியே வந்தது. வீதியில் அந்தப் பட்டையைக் கண்டவர்கள் வாகனங்களில் இருந்தபடி கத்தினார்கள் என்றும் அணிந்திருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டும் செய்தி வெளியான பிறகு மாறின: கதவுகளுக்கு வேறு வண்ணம் பூசுவதாகச் சொன்னார்கள், பட்டை நிறுத்தப்பட்டது.

இதில் என்னை உறுத்துவது நிறமோ பட்டையோ அல்ல. மிடில்ஸ்பரோக் கதவுகளைப் பற்றி ஒரு முன்னாள் உள்ளாட்சி உறுப்பினர் 2012இலேயே பேச்செடுத்திருந்தார். நான்கு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து மூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! கதவைத் துடைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் பார்வையிட வந்தவரிடம் ‘குறை இல்லை, நன்றி’ என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? அங்கேயும் என்னைப்போல ஒரு மொழிபெயர்ப்பாளன் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டுப் படியிறங்கியிருப்பான்.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு முன்னிலைச் சொல். அதை ‘நீ’ ஆக்குவதும் ‘நீங்கள்’ ஆக்குவதும் என் நாவின் முடிவு. எந்த அலுவலரும் இதை அறிய மாட்டார். குரலை உயர்த்திக் கேட்கும் அலுவலருடைய கேள்வியையும் நான் ‘நீங்கள்’ என்றே தமிழாக்குகிறேன். கூட்டவும் கூடாது என்ற விதியை இது மீறுகிறதா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். மீறுகிறது என்றால் மீறட்டும்.

பயம் முதற்காரணம் என்றேன். அதற்கு மருந்து என்ன என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அந்த விடை யாரும் பெருமையோடு நினைவுகூராத இடங்களில்தான் கிடக்கிறது.

1972 ஆகஸ்ட் 4ஆம் நாள் உகண்டாவின் இடி அமின், அந்நாட்டு ஆசியர்கள் தொண்ணூறு நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். ஏறத்தாழ 28,000 பேர் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். அவர்கள் புறப்படுவதற்கு முன்பே, செப்டம்பர் மாதம், லெஸ்டர் நகர சபை உகண்டாவின் ஆர்கஸ் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தது. வீடில்லை, பள்ளிகளில் இடமில்லை, உங்கள் நன்மைக்காகவே லெஸ்டருக்கு வராதீர்கள் என்பது அதன் சாரம். காசு கொடுத்து விளம்பரம் போட்டு ‘வராதே’ என்று சொன்ன ஊர் அது. அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் லெஸ்டர் என்று ஒரு ஊர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது என்று பிற்காலத்தில் சிலர் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் போய்க் குடியேறினார்கள். இன்று லெஸ்டர் அந்த வருகையைத் தன் பெருமைகளுள் ஒன்றாகக் கொண்டாடுகிறது. விழா மேடைகளில் அவர்களுடைய கடின உழைப்பும் வணிகத் திறமையும் பாராட்டப்படுகின்றன. ஆனால் இடையில் நடந்த ஒன்று அந்தப் பேச்சுகளில் அதிகம் வருவதில்லை.

1974 மே மாதம், லெஸ்டரில் இருந்த இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் தொழிற்சாலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் உகண்டாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பெண்களும் நிறைய இருந்தார்கள். ஊக்கத்தொகைக் கணக்கில் ஏமாற்றப்படுகிறோம், பதவி உயர்வில் ஒதுக்கப்படுகிறோம் என்பது அவர்களுடைய முறையீடு. சில பத்துப்பேரோடு தொடங்கியது நூற்றுக்கணக்கானோர் சேர்ந்த வேலைநிறுத்தமாக வளர்ந்தது. அவர்கள் சந்தா கட்டிய தொழிற்சங்கத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளரே நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று சொல்லி ஆதரவு தர மறுத்தார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் நின்றார்கள். அடுத்த ஆண்டு தொழிற்சாலையே மூடப்பட்டது. ஆகவே வென்றார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த மூன்று மாதங்களை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கையில் ஒரு பெட்டியோடு விமானத்திலிருந்து இறங்கி, இராணுவ முகாம்களில் தங்கி, தன்னார்வலர்கள் நீட்டிய பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு நன்றி சொன்னவர்களும் அந்த வாசலில் நின்றார்கள். ‘இடம் தந்தவர்களிடம் குறை சொல்லலாமா’ என்ற கேள்வி அவர்கள் மனத்திலும் ஒருநாள் இருந்திருக்கும். தொழிற்சாலை வாசலில் நின்றபோது அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். நான் இங்கே உழைக்கிறேன், ஆகவே இங்கே எனக்குக் கணக்குக் கேட்கும் பாத்தியதை இருக்கிறது என்ற பதில் அது. நகரம் அவர்களை ஏற்றுக்கொண்டது பிறகு. நகரத்தைத் தங்களுடையது என்று அவர்கள் எடுத்துக்கொண்டது அதற்கு முன்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். ‘ரெஃப்யூஜி’ என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்ததே, 1685இல் பதினான்காம் லூயி, வழிபாட்டுச் சுதந்திரம் தந்திருந்த நான்ட் ஆணையை நீக்கியபோது பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனோ என்ற சீர்திருத்தக் கிறித்தவர்களோடுதான். அவர்கள் இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்தார்கள். அமைதியான, சுறுசுறுப்பான, முன்மாதிரி அகதிகள் என்று இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறார்கள். ஆனால் 1760களில் அவர்களுடைய வழித்தோன்றல்களும் ஐரிஷ்காரர்களும் கலந்த அந்த நெசவாளர்கள், கூலியைக் குறைக்க விடமாட்டோம் என்று தறிகளிலிருந்த பட்டுத் துணியை அறுத்துப் போட்டுக் கலகம் செய்தார்கள். 1769இல் தூக்குமேடை வரைக்கும் போனது அது. 1773இல் நெசவாளர் கூலியை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. முன்மாதிரி அகதி என்று ஒருவரைச் சொல்கிறோம் என்றால், அவர் போட்ட சண்டையை நாம் மறந்துவிட்டோம் என்றே பொருள்.

தமிழர்களும் வாயைக் கட்டிக்கொண்டு வந்தவர்களில்லை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், புகலிடம் கேட்டு வந்த தமிழர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை விசாரணையை முறையாக முடிக்காமல் திருப்பி அனுப்ப விமானத்தடிக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் தங்கள் மேலாடைகளைக் களைந்துவிட்டு அங்கேயே நின்றார்கள். மொழி தெரியாது, வழக்கறிஞர் பக்கத்தில் இல்லை, குளிர்காலம் வேறு. முறையிட வேறு வழி இல்லாதவர்களின் முறையீடு அது. நீதிமன்றம் தலையிட்டது, அன்றைய நாடுகடத்தல் நின்றது. அதே ஆண்டில், உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு விதிக்கும் சட்டத்தையும் அரசு கொண்டுவந்தது. முறையீட்டுக்குக் கிடைத்த பதில் எப்போதும் இனிப்பாக இருந்ததில்லை. மானத்தைப் பெரிதாகப் பேசும் ஒரு சமூகத்தின் ஆண்கள், உடையைக் களைவதுதான் மானத்தைக் காப்பாற்றும் வழி என்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. நம் சங்க ஆண்டு விழாக்களில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஏன் பேசுவதில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது, அது நமக்கு இனிக்காது. குறை சொல்லாதே என்று அகதியின் வாயை மூடுவதில் வந்த நாட்டைவிட நாமே கெட்டிக்காரர்கள். ஒரு திருமண வீட்டிலோ மண்டபத்திலோ புதிதாக ஒருவரைக் கண்டால் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி “எப்ப வந்தனீங்கள்?” என்பது. இரண்டாவது, குரலைக் கொஞ்சம் இறக்கி, “விசா இருக்கோ?” இந்த இரண்டுக்கும் வரும் பதிலை வைத்து எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு மரியாதை என்பது நொடியில் தீர்மானமாகிவிடும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படிக்கவும் மருத்துவராகவும் வந்தவர்களுக்கு 83க்குப் பிறகு வந்தவர்கள் கீழே. 83க்குப் பிறகு வந்தவர்களுக்கு 2009க்குப் பிறகு வந்தவர்கள் அதற்கும் கீழே. ‘அவன் அசைலம் அடிச்சவன்’ என்று சொல்லும் தொனியைக் கேட்டிருக்கிறீர்களா? ஏதோ சீட்டாட்டத்தில் கள்ளச்சீட்டு இறக்கியவனைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். சொல்பவரும் முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே விமான நிலையத்தில் அதே கோரிக்கையோடு நின்றவராக இருப்பார்.

தான் ஏறிய ஏணியை மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னாலும் பயம்தான் இருக்கிறது. நாலு பேர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், வந்த இடத்தில் நம் பெயர் கெட்டுப்போகும், இவ்வளவு காலம் சேர்த்த நற்பெயர் இந்தப் புது ஆட்களால் போய்விடும் என்ற பயம். அடிக்கும் கணவனைப் பற்றிக் காவல்துறையிடம் போக நினைக்கும் பெண்ணுக்கு இதே காரணம்தான் சொல்லப்படுகிறது. நானும் இதற்கு விலக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன், தன்னை வேலைக்கு வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் பாதிகூடத் தருவதில்லை, கேட்டால் ‘உனக்கு வேலை செய்ய அனுமதியே இல்லை, எங்கே போய்ச் சொல்லுவாய்’ என்கிறார் என்று என்னிடம் வந்து சொன்னான். வேலை வேண்டிய இடத்தில் கதவைச் சாத்தும் சட்டம், சுரண்டுபவனுக்குப் பின்கதவைத் திறந்து கொடுக்கிறது என்பது அன்று எனக்குப் புத்தகம் படித்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் நான் அவனிடம் சொன்னது, “விசா வரும் வரைக்கும் பொறுத்துப் போங்கோ தம்பி” என்பதுதான். அவன் “நன்றி அண்ணை” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த நன்றியை இன்னும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்குள்ளும் குறை சொல்லும் உரிமை இடம் மாறிவிடுகிறது. ஊரில் முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்த ஒருவர் மருத்துவரிடம் போகும்போது பதின்மூன்று வயது மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார். மூன்று நிமிடம் தன் வலியை விளக்குகிறார். பையன் அதை ஐந்து சொல்லில் முடித்துவிடுகிறான். அப்பா இதையெல்லாம் வெளியில் சொல்லவேண்டுமா என்ற வெட்கம் அவனுக்கு; தான் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியாத தவிப்பு இவருக்கு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், “அவைக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்” என்பார்கள். கரைச்சல் கொடுப்பதற்குத் தங்களுக்கு ஓர் உரிமை உண்டு என்ற நினைப்பையே அவர்கள் இழந்துவிட்டிருக்கிறார்கள்.

அந்த நாட்காட்டி வீட்டுக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்து வேறொரு வேலையாக அதே தெருவுக்குப் போனபோது, மொழிபெயர்ப்பாளனாக இல்லாமல் ஒரு மனிதனாக அவருடைய கதவைத் தட்டினேன். வீட்டுக் குறையும் கேஸும் வேறுவேறு மேசை என்பதை ஒரு தாளில் இரண்டு சதுரம் போட்டுக் காட்டினேன். முறைப்பாட்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார். அழைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, பையனுக்கு இரவில் மூச்சு இழுத்த ஒரு நாளில், அழைத்திருக்கிறார். முதல் முறை அரை மணி நேரம் காத்திருந்து அழைப்பு அறுந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ஏழு முறை அழைத்தாராம். ஆட்கள் வந்து சுவரைச் சுரண்டிப் பூசிவிட்டுப் போனார்கள்.

விசா கிடைத்து, வேறு வீட்டுக்கு மாறி, இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அவருடைய வட்டாரத்தில், உள்ளாட்சி உறுப்பினர் குடியிருப்பாளர்களைச் சந்திக்கும் கூட்டம் ஒன்று இருந்தது. துணைக்கு வாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். அங்கே மொழிபெயர்க்க எனக்கு வேலையே இருக்கவில்லை. கையை உயர்த்தினார், எழுந்து நின்றார், குப்பை வண்டி இரண்டு வாரமாக வரவில்லை என்பதைத் தனக்கு வாய்த்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் “சரியாகச் சொன்னாய்” என்று திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். உறுப்பினர் வருத்தம் தெரிவித்துக் குறித்துக்கொண்டார். உட்கார்ந்தவர் என் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகக் கேட்டார்:

“தம்பி, ‘இது சரியான அலட்சியம்’ எண்டதை இன்னும் கொஞ்சம் உறைக்கச் சொல்ல இங்கிலீசில என்ன சொல்லு இருக்கு?”

ஒரு சொல்லைச் சொன்னேன். உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். காணாது, இதைவிடக் காரமாக ஒன்று வேண்டும் என்றார். நான் யோசிப்பதற்குள் மறுபடியும் கையை உயர்த்திவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான் இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்கோ. ஆனா அந்த நன்றி சொன்ன பகுதியைக் கொஞ்சம் சுருக்கி எழுதுங்கோ,” என்றார்.